கண்ணு சீஸ்

அத்தியாயம் 11

“கண்ணு சீஸ்!” என்று போன வார அத்தியாயத்தின் முடிவில் கூடத்தின் நடுவில் நின்று பெரியவன் ஒரு கத்துக் கத்தினானே, அந்தக் கத்தலில் சமையலறையில் இருந்த அவன் மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள். தட்டு பிளாஸ்டிக் என்பதால் தப்பித்தது. அவளுக்குத்தான் போன உயிர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க? மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்தே போயிட்டேன்.”

“ஒண்ணும் ஆகலை. கண்டுபிடிச்சிட்டேன். அப்பா கேக்குறது சீஸ். ஓட்டை ஓட்டையா இருக்குமே, அது. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப கப்பல்லேர்ந்து கொண்டு வருவாரு. வீட்ல அதுக்குக் கண்ணு சீஸ்னு பேரு.”

நடுவில் சில வாரம் விட்டவர்களுக்காக இங்கே நாலு வரி. பெரியவனின் அப்பா முப்பது வருஷம் கப்பலில் சமையல் ஸ்டோரைக் கவனித்துக்கொண்டவர். தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்றே பெயர். மூன்று வாரத்துக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் வாயில் இருந்த அத்தனை சொல்லையும் அள்ளிக்கொண்டு போய்விட்டு, போனால் போகிறதென்று ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்திருந்தது.

கண்ணு.

தண்ணீர் வேண்டும் என்றாலும் கண்ணு. ஜன்னலைச் சாத்து என்றாலும் கண்ணு. பெரியவனின் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவள் காதில் அது எப்படி விழும்? மாமாவுக்குக் கண்ணில்தான் கோளாறு என்று சொட்டு மருந்து விட்டாள், ஆள் வரவழைத்துப் பார்வையைச் சோதித்தாள், கடையிலேயே நல்லதாகப் பார்த்து ஒரு புதுக் கண்ணாடியும் போட்டுவிட்டாள். கப்பல்காரர் அதை இடது கையால் கழற்றி எறிந்த எறியில் அது அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் வேறு, “சிலருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை தங்கிடும் சார். அதுக்கு அர்த்தம் இருந்தாலும் இருக்கும். இல்லாமலும் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இந்த வாரம் கப்பல்காரர் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். தொண்டையில் ஒன்றுமில்லை, விழுங்குவதில் சிரமமில்லை, மனசு வைத்தால் சாப்பிடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனசு வைக்காவிட்டால்? திங்கட்கிழமை காலையில் நர்ஸ் வந்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவாள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஆக, இன்று ஒரு நாளுக்குள் அப்பா வாயில் ஏதாவது இறங்க வேண்டும். அதனால்தான் பெரியவன் சீஸ் என்றதும் அப்படிக் கத்தினான்.

சூப்பர் மார்க்கெட் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து, ஓட்டை போட்ட சீஸ் ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேஜையில் தட்டை வைத்தான். மேஜைக்கு அந்தப் பக்கம், வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி போட்டிருந்தது.

கப்பல்காரர் தட்டைப் பார்த்தார். மூன்று வாரமாகச் சுவரைப் போலிருந்த முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பெரியவனும் பார்த்தான், கதவோரமாக நின்ற அவன் மனைவியும் பார்த்தாள்.

“கண்ணு” என்றார். முன்பு எப்போதும் சொல்லாத குரலில், மெதுவாக, குழைந்து.

“பாத்தியா!” பெரியவனுக்குக் குதிக்காத குறை. “நான் சொன்னேன்ல? சாப்பிடுங்கப்பா. உங்களுக்குத்தான்.”

அவர் சாப்பிடவில்லை. துண்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டார். பெரியவன் ஒரு விள்ளல் எடுத்து வாயருகே கொண்டு போனதும் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

பெரியவன் அதைத் தன் வாயில் போட்டு மென்று பார்த்தான். மனைவியும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

“ரப்பர் செருப்புல உப்புத் தடவின மாதிரி இருக்கு” என்றான்.

“எனக்கு நல்லாத்தான் இருக்கு.”

“உனக்கு எதுதான் நல்லா இருக்காது? பிளாஸ்டிக் பேப்பர்ல சுத்தின சதுர சீஸைத் தேவாமிர்தம்னு தின்னுறவ நீ.”

“அந்தப் பேப்பரை உரிக்கிறதுலதாங்க பாதி ருசி. உங்களை மாதிரித் தகர டப்பாவைத் திறந்து, ஸ்பூனால தோண்டித் தோண்டியா சாப்பிடணும்?”

“தகர டப்பா சீஸ் நடுக்கடல்லயே கெடாது, தெரியுமா? அப்பா சொல்லுவாரு.”

கப்பல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த அறையில் சிரிப்பு மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. ஆனால் தட்டு அப்படியேதான் இருந்தது.

பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பொத்தானை அமுக்கி விளக்கு எரிந்துவிட்டால், கோளாறு அங்கே இல்லை, அதற்கடுத்த இடத்தில்தான் என்று தேடிப் போகிறவன். இங்கேயும் அப்படித்தான் கணக்குப் போட்டான். சீஸைப் பார்த்ததும் அப்பா முகம் மலர்ந்தது. ஆகவே சரக்கு சரி. வாயில் வைக்கவில்லை. ஆகவே தரம் சரியில்லை. கப்பலில் உசத்தியான சீஸைப் பார்த்துப் பழகியவருக்கு சூப்பர் மார்க்கெட் சீஸை நீட்டினால்?

“நல்ல சீஸா வாங்கணும்” என்றான்.

“பேங்க் பின்னாடி இருக்கே, அந்தக் கடையிலயா? அங்க எல்லாம் ஆனை விலை குதிரை விலைங்க. எங்க முதலாளியம்மாவே விருந்தாளி வந்தாத்தான் அந்தக் கடைப் படி ஏறுவாங்க.”

“நாளைக்குக் குழாய் போடப் போறாங்க. இப்ப விலையைப் பாக்கச் சொல்றியா?”

அவள் வாயை மூடிக்கொண்டாள். வேறு ஏதோ சொல்ல வந்தாள், அதையும் சேர்த்து விழுங்கினாள். பெரியவன் அதைக் கவனித்தான். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சீஸ் கடை சின்னதுதான். உள்ளே நுழைந்ததும் குளிரும் புளித்த பால் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் சக்கரம் சக்கரமாக, செங்கல் செங்கலாக, சாம்பல் பூசியதும் நீலப் பூசணம் ஓடியதுமாக நிறைந்திருந்தது. வெள்ளை ஏப்ரன் கட்டிய கடைக்கார அம்மாள் கத்தியைத் துடைத்தபடி, “என்ன பாக்குறீங்க?” என்று கேட்டாள்.

“ஓட்டை போட்ட சீஸ். நல்லதா.”

“கண்ணு வச்ச சீஸா? நாங்க ஓட்டைன்னு சொல்றதில்லை, கண்ணுன்னுதான் சொல்லுவோம்.”

பெரியவனுக்கு அவள் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது. மூன்று வாரத்தில் அந்தச் சொல்லுக்கு யாராவது நேராக ஒரு அர்த்தம் சொன்னது இதுதான் முதல் தடவை.

“யாருக்குங்க?”

“அப்பாவுக்கு. உடம்பு சரியில்லை. அதைத்தான் கேக்குறாரு.”

“அவருக்கு எப்படிப் பிடிக்கும்? இளசாவா, முத்தினதாவா?”

சுலபமான கேள்விதான். பெரியவனுக்குப் பதில் தெரியவில்லை. நின்று முழித்தான்.

கடைக்கார அம்மாள் பாவம் பார்த்து, ஒவ்வொன்றிலும் மெல்லிசாகச் சீவிக் கத்தி முனையில் நீட்ட ஆரம்பித்தாள். ஒன்று வெண்ணெய் மாதிரிக் கரைந்தது. ஒன்று மூக்கில் ஏறியது. மூன்றாவதாகக் கொடுத்தது பழுப்பு நிறத்தில், கல் மாதிரி இருந்தது. பல்லில் கடிபட்டதும் உப்பும் காரமும் கலந்து நாக்கைச் சுண்டியது.

அந்த ருசியில் அவனுக்கு அப்பா கண்முன் வந்துவிட்டார். கப்பலிலிருந்து வந்த அன்று, சட்டையில்லாமல், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சின்னப் பேனாக்கத்தியால் இதைச் சுரண்டிச் சுரண்டித் தின்கிற அப்பா. இந்தக் கல் சீஸ்தான் அப்பாவுடையது. தகர டப்பா இவனுடையது. அப்படியென்றால் கண்ணு சீஸ்?

அது தங்கச்சியுடையது.

பெரியவனுக்கு ஒரு தங்கை உண்டு என்பதைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவன்தான் ஏழு வருஷமாக மறந்ததுபோல் நடந்துகொண்டிருந்தான். வீட்டில் அவளைக் கூப்பிடுவதே கண்ணு என்றுதான். அப்பா அவளுக்காக வாங்கி வந்த சீஸ் என்பதால் கண்ணு சீஸா, ஓட்டை இருந்ததால் கண்ணு சீஸா, அது யாருக்கும் தெரியாது. துண்டை முகத்துக்கு நேரே வைத்து ஓட்டை வழியாகப் பார்த்து, “அப்பா, உங்க மூக்கு மட்டும் தெரியுது” என்று அவள் சொல்ல, அந்த முரட்டு மனிதர் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒரு விள்ளல்கூட வாயில் போட மாட்டார். எல்லாம் அவளுக்கு.

அம்மாவின் கடைசி நாட்களில் குழாயும் மெஷினும் இனி வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னவளும் அவள்தான். அம்மா கேட்டுக்கொண்டபடிதான் சொன்னாள். அப்பா அப்போது நடுக்கடலில் இருந்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “நான் செத்தாலும் அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. அவ பேரை எவனாவது எடுத்தீங்க, அவனும் வெளியில போகலாம்” என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கண்ணு என்ற சொல்லே கிடையாது. கண் என்பார்கள், விழி என்பார்கள், கண்ணு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சொல்தான் இப்போது அப்பா வாயில் மிச்சமிருந்தது.

“எதுங்க வேணும்?” என்றாள் கடைக்கார அம்மாள்.

“இது ஒண்ணு. அப்புறம் கண்ணு வச்சது. இருக்கிறதுலயே நல்லது எதுவோ அது.”

“நல்லதா வாங்கினா கொஞ்சம் போதுங்க. இவ்வளவு வெட்டுறேன், சரியா?”

“இன்னும் பெரிசா வெட்டுங்க.”

விலையைக் கேட்டபோது அவன் காது அடைத்துக்கொண்டது. பேசாமல் கொடுத்துவிட்டு வந்தான். இதற்கு மேல் உசத்தியாக ஒன்று இருந்திருந்தால் அதையும் வாங்கியிருப்பான். அப்பா கேட்பது சீஸாகவே இருந்துவிடட்டும், வேறு எதுவாகவும் இருக்க வேண்டாம் என்று அவன் மனசு கெஞ்சிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கல் சீஸைப் பூப்போலத் துருவி, சூடான சூப்பில் தூவி, தானே ஊட்டப் போனான். கப்பல்காரர் மோந்து பார்த்தார். அவருடைய உயிர்ச் சரக்கு அது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்பா, உங்களோடதுப்பா. கத்தியால சுரண்டுவீங்களே. ஒரே ஒரு ஸ்பூன்.”

“கண்ணு.”

“சரி. இந்தாங்க.”

கண்ணு வைத்த சீஸை ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தான். மஞ்சளாக, பளபளவென்று, கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஓட்டைகளோடு இருந்தது. கப்பல்காரர் இடது கையால் தட்டைப் பிடித்தார். இந்தத் தடவை கண்டபடி தள்ளவில்லை. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, மேஜையின் அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். காலி நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

“கண்ணு.”

கதவோரம் நின்ற மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவன் கூடத்துக்கு வந்து நின்றான். அவளும் பின்னாலேயே வந்தாள்.

“உங்களுக்குத் தெரியுதுல்ல?” என்றாள்.

“என்ன தெரியுது?”

“என்னைக் கேக்குறீங்களா? நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப அவளை எல்லாரும் என்ன சொல்லிக் கூப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? நானாச்சும் வாய் தவறிச் சொல்லிடக் கூடாதேன்னு பயந்து பயந்து, கண்ணுல சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இருந்தேன்.”

“அப்பா என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா உனக்கு? செத்தாலும் வரக் கூடாதுன்னாரு.”

“அப்ப சொன்னாரு. இப்பவும் அவருதானே சொல்றாரு?”

“தண்ணிக்கும் அதைத்தான் சொல்றாரு! ஜன்னலுக்கும் அதைத்தான் சொல்றாரு!” பெரியவனின் குரல் உடைந்தது. “நான் அவளைக் கூப்பிட்டு, அவ வந்து நின்னு, அப்பாவுக்கு ஆத்திரம் வந்து பிரஷர் ஏறி இன்னொரு தடவை ஏதாவது ஆயிட்டா? கூப்பிடாம விட்டு, அவர் அவளைத்தான் கேட்டிருந்தாருன்னா? எதைச் செஞ்சாலும் தப்பா இருக்கு. நான் என்னதான் பண்றது, நீயே சொல்லு.”

இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன் என்று தினமும் தெம்பு சொல்கிற மனிதன், தன் வீட்டுக் கூடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

கடைசியில் அப்பாவிடமே கேட்டுவிடுவது என்று உள்ளே போய், கட்டிலோரம் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்பா, நான் சொல்றது கேக்குதா? தங்கச்சியைக் கூப்பிடட்டுமா? கூப்பிடுன்னா என் கையை அமுக்குங்க.”

அப்பா அமுக்கினார். பலமாக.

நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டாமா? “வேண்டாம், அவ வரக் கூடாதுன்னாலும் சொல்லுங்க. வேண்டாம்னா இப்ப அமுக்குங்க.”

அப்பா மறுபடியும் அமுக்கினார். அதே பலத்தோடு.

மனைவி பின்னாலிருந்து தன் போனை நீட்டினாள்.

“நம்பர் இதுல இருக்கு.”

“உன் போன்லயா?”

“மாமா விழுந்த அன்னிக்கே நான்தான் சொன்னேன். தினமும் கேக்குறா. வரட்டுமா அண்ணின்னு கேக்குறா. நான் யாருங்க, வான்னு சொல்றதுக்கு? வராதேன்னு சொல்றதுக்கு?” அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க.”

திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை பெரியவனுக்கு. போனை வாங்கினான். முதல் மணியிலேயே தங்கை எடுத்துவிட்டாள்.

“அண்ணி? மாமா… அப்பா ஏதாவது சாப்பிட்டாரா?” மாமா என்று அண்ணி சொல்லிச் சொல்லி அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நான்தான்” என்றான்.

“அண்ணா?”

“அப்பாகிட்டக் குடுக்கறேன். பேசு.”

ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் மார்புக்கு அருகில் பிடித்தான்.

“அப்பா” என்றது போன். “அப்பா, நான்தாம்பா.”

கப்பல்காரரின் கண்கள் அகலமாயின. தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். வாய் திறந்தது. பெரியவனும் மனைவியும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வரும், இதோ வரப்போகிறது என்று இருந்தது.

வரவில்லை.

“கோவமாப்பா? எங்கிட்டப் பேச மாட்டீங்களா?” என்றது போன். “திட்டுறதா இருந்தாலும் திட்டுங்கப்பா, கேட்டுக்கறேன். ஏழு வருஷமா அதுக்குத்தானே உக்காந்திருக்கேன். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

கப்பல்காரரின் உதடுகள் அசைந்தன. தொண்டை ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. தண்ணீருக்கும் ஜன்னலுக்கும் வாரி இறைத்த அந்த ஒரே சொல், வேண்டிய நேரத்தில் அவர் வாயில் இல்லை.

“அண்ணா, அவருக்குக் கேக்குதா?”

“கேக்குது.”

“என்ன பண்றாரு? மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரா?”

“இல்லை. போனைத்தான் பாக்குறாரு.”

“கோவமாவா?”

பெரியவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். கோபமா, ஆசையா, வலியா, அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. “தெரியலை” என்றான். “காலையில அவருக்குக் குழாய் போடப் போறாங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “நான் கிளம்புறேன். விடியறதுக்குள்ள வந்துடுவேன். அவர் துரத்தினா வாசல்லயே நிக்கறேன்.”

“கண்ணு, இரு… கண்ணு!”

வைத்துவிட்டாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னது கேட்காத போனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

மனைவி மெதுவாகக் கேட்டாள். “என்னங்க, மாமா ஏன் அதையும் சொல்ல மாட்டேங்கிறாரு? டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?”

பெரியவன் போனைக் கீழே வைத்தான். அப்பாவின் மேல் குனிந்தான்.

“அப்பா, அவ வர்றா. வரட்டும்னா சொல்லுங்க. கண்ணுன்னு சொல்லுங்கப்பா. காலையில சொன்னீங்களே. நாள் பூரா சொன்னீங்களே.” மூன்று வாரமாக எந்தச் சொல் தங்கச்சியின் பெயராக இருந்துவிடக் கூடாது என்று சொட்டு மருந்து, கண்ணாடி, சீஸ் என்று வீடே ஓடியதோ, அந்தச் சொல்லை இப்போது கெஞ்சிக் கேட்டான். “ஒரே ஒரு தடவைப்பா. க… கண்ணு. சொல்லுங்க.”

கப்பல்காரர் வாயைத் திறந்தார். மூடினார். இடது கையால் மகனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அமுக்கவில்லை, இழுக்கவில்லை. பிடித்த பிடியை விடவும் இல்லை.